இந்த வருஷம் நம்ம வருஷம்

ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் நம் அணி இதுவரை பன்னிரண்டு தடவை போயிருக்கிறது. ஜெயித்தது இரண்டே தடவை. 1954-55 ஒன்று, 1987-88 ஒன்று. மீதிப் பத்து தடவையும் அடுத்தவன் கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருஷத்திலும், இறுதி ஆட்டத்துக்கு வராத வேறு பல வருஷங்களிலும், ஜனங்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை முளைத்து வளர்ந்து பெரிதானது உண்டு. ஜெயித்த கதையைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. அந்த நம்பிக்கையின் கதையைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அணியில் ஆடியவர்கள் பெரும்பாலும் மெட்ராஸ் லீக் ஆட்டக்காரர்கள்தான். ஆனால் மெட்ராஸ் நமக்குத் தூரமில்லை. தோல் வியாபாரம் செய்தவர்களுக்குப் பெரியமேடு இரண்டாவது வீடு. வாரத்தில் ஒரு நாளாவது மண்டிக்குப் போகாத முதலாளியோ ஏஜெண்டோ கணக்கரோ கிடையாது. பெரியமேட்டிலிருந்து சேப்பாக்கம் கூப்பிடு தூரம். சரக்கு விலை படிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், மத்தியானம் சும்மாதான் இருக்க வேண்டும் என்றால் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். அப்படிப் போய்வந்தவர்கள் சாயங்கால ரயிலில் கொண்டுவந்து இறக்கிய சரக்குதான் நம் ஊர்களின் கிரிக்கெட் ஞானம். வூர்ஹீஸ் கல்லூரியிலும் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியிலும் மேட்டிங் விரித்து ஆடிய பையன்கள் ஒரு பக்கம், இந்த ரயில் செய்திக்காரர்கள் ஒரு பக்கம்.

பழைய கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும் ஆடின. மைசூர் 48, மெட்ராஸ் 130, திரும்பவும் மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். போட்டியே நம் மண்ணில் நமக்கு வெற்றியாகத்தான் ஆரம்பித்தது. அடுத்த வருஷமே இறுதி ஆட்டத்துக்கும் போனார்கள், பம்பாயிடம் தோற்றார்கள். 1940-41ல் மறுபடி போய் மகாராஷ்டிராவிடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் ஒன்றுமில்லை.

1954-55ல் ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் வந்தார். அந்த ஒரு சீசனில் மட்டும் 636 ரன். திருவாங்கூர்-கொச்சிக்கு எதிராக 208. அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 98, இரண்டாவதில் 97. இரண்டு சதமும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயின, ஆனால் அணி ஜெயித்தது. இறுதி ஆட்டம் இந்தூரில், ஹோல்கர் அணியோடு. அந்தக் காலத்து ஹோல்கர் என்றால் சாமானியமில்லை. பத்துப் பதினோரு வருஷமாக இறுதி ஆட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி வந்துகொண்டிருந்த அணி அது. அவர்கள் ஊரிலேயே போய் கிருபால் சிங் 75, 91 என்று அடித்து, 7 விக்கெட்டும் எடுத்தார். பாலு அழகண்ணன் தலைமையில் மெட்ராஸ் 46 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. கிருபால் சிங் அடுத்த சீசனிலேயே ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 100 அடித்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த வருஷம் நம்பிக்கை வளர நேரமே இருக்கவில்லை என்று அப்பா தலைமுறையைச் சேர்ந்தவர்கள் சொல்வார்கள். அப்போது ரஞ்சி முழுக்க நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். ஒன்று ஜெயித்தால் அடுத்தது என்று மூன்று நான்கு ஆட்டத்தில் முடிந்துவிடும். நகராட்சிப் பூங்கா ரேடியோவில் செய்தி கேட்டு, மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் ஸ்கோர் பார்த்து, ‘ஓ, ஜெயித்துவிட்டோமா’ என்று ஆச்சரியப்பட்டதோடு சரி.

நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றியது 1957-58ல் வந்த மண்டல லீக் முறை. தென் மண்டலத்தில் இருந்த எல்லா அணிகளோடும் ஒவ்வொரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தால் இவ்வளவு புள்ளி, டிராவில் முதல் இன்னிங்ஸ் முன்னிலை இருந்தால் இவ்வளவு என்று கணக்கு வந்தது. கணக்கு வந்ததும் நம் ஆட்களுக்குக் கொண்டாட்டம். தோலைத் தரம் பிரித்து, முதல் தரம் இத்தனை, கழிவு இத்தனை என்று தினமும் கணக்குப் போட்டுப் பழகிய கைகள். ஐதராபாத் மைசூரோடு டிரா செய்தால் நமக்கு என்ன, கேரளாவை நாம் இன்னிங்ஸில் ஜெயித்தால் என்ன என்று டீக்கடைப் பெஞ்சில் விரலால் எழுதி அழித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் கணக்கு சொன்னது கஷ்டமான கதை. தென் மண்டலத்தில் அப்போது ஒரே ஒரு அணிதான் மேலே போக முடியும். ஜெய்சிம்மா, பட்டோடி, அப்பாஸ் அலி பெய்க் என்று ஐதராபாத் ஒரு பக்கம். பிரசன்னா, சந்திரசேகர், பிறகு விஸ்வநாத் என்று மைசூர் ஒரு பக்கம். இவர்களைத் தாண்டி 1967-68ல் ஒரே ஒரு தடவை இறுதி ஆட்டத்துக்குப் போனோம். பம்பாய் முதல் இன்னிங்ஸ் முன்னிலையை வைத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. 1970-71ல் விதியை மாற்றி, ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் இரண்டு அணிகள் போகலாம் என்றார்கள். மாநிலத்தின் பெயர் 1969ல்தான் மாறியிருந்தது. புதுப் பெயரும் வந்தது, போகிற வழியும் கொஞ்சம் அகலமானது.

நான் சொல்ல வந்த வருஷம் 1972-73.

அந்த வருஷத்து நம்பிக்கைக்குப் பல வேர்கள். 1971ல் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸையும், இங்கிலாந்தை அவர்கள் ஊரிலும் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. இரண்டு தொடரிலும் நம் வெங்கட்ராகவன் இருந்தார். 1973 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை 4 விக்கெட்டில் தோற்கடித்தோம். சுழற்பந்து என்றால் இந்தியா, இந்தியா என்றால் சுழற்பந்து என்று உலகமே பேசிய காலம். அப்படிப்பட்ட நேரத்தில் தமிழ்நாட்டிடம் இரண்டு பெரிய சுழல் வீச்சாளர்கள் இருந்தார்கள். ஆஃப் ஸ்பின்னுக்கு வெங்கட்ராகவன், லெக் ஸ்பின்னுக்கு வி.வி. குமார். குமார் 1961ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே 5 விக்கெட் எடுத்தவர். அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு டெஸ்டோடு அவரை ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஆத்திரம் நம் ஜனங்களுக்கு உண்டு. ரஞ்சிக் கோப்பையை ஜெயித்துக் காட்டினால் அதற்கு ஒரு பதில் சொன்ன மாதிரி என்று பேசிக்கொண்டார்கள்.

நம்பிக்கை வளர்வதில் ஒரு ஒழுங்கு உண்டு. இத்தனை வருஷம் கவனித்ததில் சொல்கிறேன். முதல் ஆட்டம் ஜெயித்தால் ‘பார்க்கலாம்’. இரண்டாவது ஜெயித்தால் ‘பரவாயில்லையே’. மூன்றாவதுக்கு மேல் பேச்சின் இலக்கணமே மாறும். அதுவரை ‘அவங்க நல்லா ஆடறாங்க’ என்று சொன்னவர் ‘நாம நல்லா ஆடறோம்’ என்பார். ஆம்பூரில் உருது பேசும் பெரியவர்களும் அப்படித்தான், ‘ஹம் ஜீத் கயே’ என்றுதான் சொல்வார்கள். பிட்டுக்கட்டை எடுத்தறியாத மனிதர்கள், மட்டையைப் பிடித்தறியாத மனிதர்கள், எல்லாரும் ‘நாம்’. தோற்ற மறுநாள் அதே வாயால் ‘அவனுங்களுக்கு ஆடத் தெரியல’.

1972-73ல் இந்த ‘நாம்’ வெகு சீக்கிரம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நம் ஊர்களுக்கு ஏதாவது ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. சீதாராமையா கமிட்டி 1972ல் அறிக்கை கொடுத்திருந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, முழுதாகப் பக்குவப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருஷமே ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்து ஈ.ஐ. தோல் செய்து மூன்று தலைமுறையாக லண்டனுக்கு அனுப்பியவர்களுக்குக் காலடியில் மண் நழுவின மாதிரி இருந்தது. புது மெஷின் வாங்க யாரிடம் பணம் இருக்கிறது, எந்த ஷாப்பு மூடும், எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதே பேச்சு. பிற்பாடு அதே கட்டுப்பாட்டால்தான் ஷூ கம்பெனிகள் வந்தன, ஆம்பூர் வளர்ந்தது என்பது வேறு கதை. ஆனால் 1973ல் அது யாருக்குத் தெரியும்? தோல் ஷாப்பு வாசலில் நின்று அந்தக் கவலையைப் பேசிவிட்டு, அடுத்த வாக்கியம் ‘வெங்கட் எத்தனை விக்கெட்?’ என்று போகும்.

தென் மண்டலம் தாண்டி, நாக்-அவுட்டும் தாண்டி, தமிழ்நாடு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே பம்பாய். சரியாகச் சொன்னால் 1958-59 முதல் பதினான்கு வருஷம் வரிசையாகக் கோப்பையை ஜெயித்துவிட்டு, பதினைந்தாவதுக்கு வந்திருக்கும் பம்பாய். தலைவர் அஜித் வடேகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓவல் மைதானத்து வெற்றிக்காக எந்த வடேகரைக் கொண்டாடினோமோ அதே வடேகர். கவாஸ்கர், சோல்கர் என்று பெரிய பட்டாளம். ஆனால் ஆட்டம் சேப்பாக்கத்தில். நம் மண், நம் வெயில், நம் இரண்டு ஸ்பின்னர்கள். பம்பாய்க்காரனை அடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று ஊரே சொன்னது. பந்து முதல் நாளே திரும்பும்படியான ஆடுகளம் தயாராகியிருக்கிறது என்ற செய்தி ரயிலில் வந்ததும் சந்தோஷம் இரட்டிப்பானது.

யோசித்துப் பார்த்தால், நம்பிக்கை அதுவரைக்கும் ஜனங்களின் வாயில்தான் இருந்தது. அந்த வாரம் அது மைதானத்து மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நம் பந்துவீச்சுக்கு ஏற்ற மண் என்று எல்லாரும் சொன்னோம். பம்பாயிடமும் ஒரு ஸ்பின்னர் இருக்கிறார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிஷன் சிங் பேடி இருந்ததால் இந்தியாவுக்கு ஆட இடம் கிடைக்காமலே காலம் தள்ளிய இடது கை வீச்சாளர் அவர். பெயர் பத்மாகர் சிவால்கர்.

பம்பாய் முதலில் ஆடி 151க்கு ஆட்டமிழந்தது. அன்று சாயங்காலம் நம் ஊர்களில் இருந்த உற்சாகத்தை இப்போது விவரிப்பது கஷ்டம். பம்பாயை 151ல் சுருட்டுவதென்றால்! பேப்பர் கடை வாசலில் சாக்பீஸால் ‘151’ என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்ப்பதற்காகவே தெருவைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. கோப்பை வந்துவிட்டது, முன்னிலை எத்தனை என்பதுதான் பாக்கி என்ற மாதிரி. வேலூரில் நாங்கள் நாலைந்து பையன்கள், கடைசி நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க யார் வீட்டில் எவ்வளவு காசு கேட்பது என்று திட்டம் போட்டோம்.

கடைசி நாள் என்று ஒன்று வரவே இல்லை. தமிழ்நாடு 80க்கு ஆட்டமிழந்தது. சிவால்கர் 16 ரன் கொடுத்து 8 விக்கெட். பம்பாய் இரண்டாவது இன்னிங்ஸில் 113. அந்த ஆட்டத்தில் நம் வேகப்பந்து வீச்சாளர் கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் எடுத்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில், அதுவும் பம்பாய்க்கு எதிராக ஹாட்ரிக்! வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் அதைப் பற்றியே ஒரு தலைமுறை பேசியிருக்கும். ஜெயிக்க 185 வேண்டியிருந்தது. நம் ஆட்கள் 61க்கு ஆட்டமிழந்தார்கள். சிவால்கருக்கு இன்னொரு 5 விக்கெட், 18 ரன்னுக்கு. மூன்றாம் நாள் காலை ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள், முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. ஐந்து நாள் ஆட்டம், இரண்டு நாளும் ஒரு பந்தும். வித்தியாசம் 123 ரன்.

மண்டி வேலையாக மெட்ராஸ் போயிருந்த ஒருவர், எங்கள் வீட்டுக்குப் பழக்கமானவர், அந்த மூன்றாம் நாள் மைதானத்துக்குப் போயிருந்தார். சாப்பாட்டுக் கூடையோடு போய், கூடையைத் திறக்காமலே திரும்பி வந்ததாகச் சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அதற்குப் பிறகு ரஞ்சி பற்றி அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

ஆடுகளத்தை அப்படித் தயாரித்தது தப்பு என்று அப்போதே நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சொந்த மண்ணில் சொந்த பலத்துக்கு ஏற்ப ஆடுகளம் வைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தப்பு எதிராளியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதில் இருக்கிறது. அது ஜனங்கள் செய்த கணக்குத் தப்பு, ஆடுகளம் பாவம். அடுத்த வருஷமே கர்நாடகம் அரையிறுதியில் பம்பாயைத் தோற்கடித்து அந்தப் பதினைந்து வருஷ வரிசையை முறித்தது. நமக்கு வர வேண்டிய பெயர் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று என்று அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சல் வேறு.

வெங்கட்ராகவன் 1985 வரை ஆடினார், 57 டெஸ்ட் ஆடினார், பிற்பாடு நடுவராகவும் உலகம் சுற்றினார். வி.வி. குமார் முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தார். இரண்டு பேரும் ஒரு ரஞ்சிக் கோப்பையைக்கூட ஜெயிக்காமல்தான் ஓய்வு பெற்றார்கள். 1973ல் அந்த 185 ரன் கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோப்பை இல்லை, இந்த இரண்டு பேர்தான்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம். தமிழில் வர்ணனை கேட்கும் காலம் வந்தது. சென்னை வானொலியில் கூத்தபிரானும் ராமமூர்த்தியும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, ஆங்கிலம் தெரியாத தாய்மார்கள்கூட அடுப்படியிலிருந்து ஸ்கோர் கேட்டார்கள். மட்டை பிடித்த அப்துல் ஜப்பார் ஒருவர், மைக் பிடித்த அப்துல் ஜப்பார் ஒருவர். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, ஒரே ஆள் ஆடிக்கொண்டே எப்படிப் பேசுகிறார் என்று கேட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

1987-88 சீசன் வந்தபோது யாருக்கும் நம்பிக்கை வைக்க மனமில்லை. அந்த வருஷத்தின் ஆரம்பமே சரியில்லை. 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை, சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவிடம் ஒரு ரன்னில் தோல்வி. டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். அந்த நாட்களில் நம் ஊர்கள் எப்படிக் கிடந்தன என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸோடு டெஸ்ட். ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த ஆட்டம். நம் டபிள்யூ.வி. ராமன் அதில்தான் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடி 83 அடித்தார். அதே மாதம் 30ந் தேதி மாநிலத்தில் ஜனாதிபதி ஆட்சி. இத்தனைக்கும் நடுவில் எஸ். வாசுதேவன் தலைமையில் ஒரு ரஞ்சி அணி சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டு வந்தது.

சத்தமில்லாமல் என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன். 1973ஐப் பார்த்தவர்கள் ‘நாம்’ என்று சொல்லவே இல்லை. கடைசிவரை ‘அவங்க’தான். ‘அவங்க’ ஜெயித்தால் சரி என்று தலையாட்டுவார்கள். ‘இந்த வருஷம் நம்ம வருஷம்’ என்று ஒரு இளவட்டம் சொன்னால் பெரியவர்கள் ‘சும்மா இருடா’ என்று அடக்குவார்கள், கண் பட்டுவிடும் என்பது போல. ஆனால் ரேடியோவை அணைக்க மாட்டார்கள். நான் அப்போது ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஸ்கோர் எழுதி, ஆடிட் வருவதற்கு முன்னால் அழித்துவிடும் மூத்த கணக்கர் ஒருவர் இருந்தார். அவர் ஜெயிப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அரையிறுதிக்குப் பிறகு பென்சிலை விட்டுப் பேனாவுக்கு மாறிவிட்டார்.

இறுதி ஆட்டம் மறுபடியும் சேப்பாக்கம். எதிரே பம்பாய் இல்லை, முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்த ரயில்வே அணி. இது நம் பக்கத்தில் ஒரு தர்மசங்கடத்தை உண்டாக்கியது. ஜோலார்பேட்டையும் காட்பாடியும் அரக்கோணமும் ரயில்வே ஊர்கள். சம்பளம் ரயில்வேயில், சோறு தமிழ்நாட்டில். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் ‘நீங்க யார் பக்கம்?’ என்று கேட்டால், ‘யூனிஃபார்ம் போட்டிருக்கும்போது கேட்காதீங்க’ என்பார்.

தமிழ்நாடு 709 ரன் அடித்தது. இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்தது. நடுவில் எங்கேயும் பயம் வரவே இல்லை. முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு கோப்பை. 709 வந்த பிறகும்கூட எங்கள் மூத்த கணக்கர் ‘கடைசி விக்கெட் விழட்டும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்ததும் எழுந்து போய் ஆபீசுக்கு முழுக்க டீ சொன்னார். அவர் கையால் டீ வாங்கிக் குடித்தது அதுதான் முதலும் கடைசியும். டீ குடித்துக்கொண்டே ‘நாம ஜெயிச்சிட்டோம்’ என்றார்.

அதற்குப் பிறகு ஆறு தடவை இறுதி ஆட்டம், ஆறிலும் தோல்வி. டெல்லியிடம் 1991-92ல். கர்நாடகத்திடம் 1995-96ல், சேப்பாக்கத்தில். தோல் ஷாப்புகளின் கழிவுநீர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான அந்த 1996ல் நமக்குக் கிரிக்கெட் பற்றி அழ நேரமில்லை. மும்பையிடம் 2002-03, 2003-04 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம். 2011-12ல் சேப்பாக்கத்துக்கே வந்து ராஜஸ்தான் 621 அடித்து நம்மை நாள் கணக்கில் வெயிலில் நிற்கவைத்தது. 2014-15ல் கருண் நாயர் 328. இவற்றில் எதுவும் 1973 போல வலிக்கவில்லை. ஐ.பி.எல். வந்துவிட்டது, சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கியது. பேரன்களுக்கு நம்பிக்கை வைக்க வேறு இடம் கிடைத்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏலத்தில் எடுத்த அணியை ‘நாம்’ என்று சொல்ல எனக்கு நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.

2023-24ல் மறுபடி அந்தப் பழைய காய்ச்சல் கொஞ்சம் வந்தது. சாய் கிஷோர் தலைவர். முதல் ஆட்டத்தில் குஜராத்திடம் வல்சாட்டில் 111 ரன்னில் தோல்வி. திரிபுராவோடு டிரா. சரி, வழக்கம்தான் என்று விட்டுவிட்டோம். பிறகு கோயம்புத்தூரில் ரயில்வேயை இன்னிங்ஸில் ஜெயித்தார்கள், ஜெகதீசன் 245. அதே ஜெகதீசன் சண்டிகருக்கு எதிராக 321. பிறகு சேலத்தில் பஞ்சாபை ஜெயித்தார்கள். காலிறுதியில் நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிராவை இன்னிங்ஸும் 33 ரன்னும் வித்தியாசத்தில். ஏழு வருஷத்துக்குப் பிறகு அரையிறுதி. எங்கள் வாட்ஸப் குழுவில், ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சர்க்கரை மாத்திரையும் மூட்டு வலியும் தவிர வேறு பேசாதவர்கள், சாய் கிஷோரின் விக்கெட் எண்ணிக்கையைத் தினமும் போட ஆரம்பித்தார்கள். அந்த சீசனில் அவர் மொத்தம் 53 எடுத்தார், நாட்டிலேயே அதிகம்.

அரையிறுதி மும்பையில், மும்பையோடு. நாம் 146க்கு ஆட்டமிழந்தோம். மறுநாள் மும்பை 106க்கு 7. சாய் கிஷோர்தான் பெரும்பாலும் விழுத்தினார். அந்த மத்தியானம் குழுவில் எத்தனை செய்தி வந்தது என்று எண்ண முடியாது. ‘நாம’ என்ற வார்த்தை திரும்பி வந்திருந்தது. ஷர்துல் தாக்குர் உள்ளே வந்து 109 அடித்தார். மும்பை 378. நாம் இரண்டாவது இன்னிங்ஸில் 162. மூன்றே நாளில், இன்னிங்ஸும் 70 ரன்னும். சாயங்காலம் குழுவில் ஒருவரும் பேசவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு யாரோ காலை வணக்கப் பூப்படம் ஒன்றைத் தவறுதலாகப் போட்டார்கள்.

2025 மார்ச் 3ந் தேதி சிவால்கர் மும்பையில் காலமானார், 84 வயது. கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். செய்தியைக் குழுவில் போட்ட நண்பர் அஞ்சலி வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. ‘16க்கு 8, 18க்கு 5’ என்று மட்டும் போட்டிருந்தார். கீழே ஏழெட்டுப் பேர் கைகூப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் மட்டும், ‘என்ன பந்து சார் அது’ என்று எழுதியிருந்தார்.